கியூட் ஆங்கிலத் தாளில் பத்திக் கேள்விகளையும் சொல் கேள்விகளையும் எப்படிக் கையாள்வது?

கேள்வி: ஊர் ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளிப் பக்கம். தமிழ் வழியில் படிக்கும் பிளஸ் டூ மாணவன் நான். கியூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான பொது நுழைவுத்தேர்வு) எழுதித் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசை. ஆங்கிலத் தாளில் பத்தியைப் படித்துப் பதில் எடுப்பதும், சொல்லுக்குப் பொருள் சொல்வதும் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, நான் தங்கச்சிமடத்துக்காரன். சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் தாளில் எங்கே மார்க்கை விடுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு அத்துப்படி. ஆங்கிலம் தெரியாமல் விடுவது கொஞ்சம்தான். பத்தியில் சொல்லாத ஒன்றை, தனக்குத் தெரிந்த உண்மை என்பதற்காகப் பதிலாக எடுத்து விடுவதுதான் அதிகம்.

முதலில் தாளைப் பற்றிச் சுருக்கமாக. 2025-இல் நடந்த முறைப்படி, ஒரு தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாம் கட்டாயம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். முழுக்கக் கணினியில்தான். மொழித்தாளில் மூன்று வகைப் பத்திகள் வரும்: தகவல் பத்தி, கதை சொல்லும் பத்தி, இலக்கியப் பத்தி. மீதி, கலைத்துப் போட்ட வாக்கியங்களை அடுக்குவது, கோடிட்ட இடம், ஒரே பொருள் சொல், எதிர்ச்சொல். நீங்கள் எழுதும் ஆண்டுக்கான அறிவிப்பைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2007-இல் பொறியியல் நுழைவுத்தேர்வு போன பிறகு, பிளஸ் டூ மார்க்கை வைத்தே கல்லூரிக்குப் போய்ப் பழகிவிட்டோம். பள்ளியில் பத்திக் கேள்வி வந்தால், கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுவோம். மார்க்கும் விழும். அந்தப் பழக்கத்தோடு கியூட் அறைக்குள் போனால் ஆபத்து. இங்கே பத்தியின் வரியை அப்படியே தூக்கி வைத்த விடைதான் பல நேரம் கண்ணி.

ஒரு மாதிரி பார்க்கலாம். நானே எழுதியது. உத்தி எந்த மொழிக்கும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே தருகிறேன்.

"கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. இனப்பெருக்கப் பருவத்தில் மீன்களைப் பாதுகாப்பதே இதன் நோக்கம். தடை முடிந்த முதல் சில நாட்களில் மீன்வரத்து கூடுவதைக் காட்டி, தடை வெற்றி பெற்றுவிட்டதாகச் சிலர் கூறுவர். ஆனால் இரண்டு மாதம் விசைப்படகு போகாத இடத்தில் முதல் நாள் மீன் அதிகம் கிடைப்பது இயல்பே. வளம் உண்மையில் பெருகியிருக்கிறதா என்று அறிய, ஆண்டு முழுவதற்குமான பிடிப்பைப் பார்க்க வேண்டும்."

ஆசிரியர் சொல்ல வருவது என்ன? (அ) தடைக்காலத்தில் மீனவர்களுக்குத் தரப்படும் நிவாரணம் போதாது. (ஆ) மீன்பிடித் தடையால் எந்தப் பயனும் இல்லை. (இ) தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ளது. (ஈ) முதல் சில நாள் வரத்தை மட்டும் வைத்துத் தடையின் பலனை மதிப்பிட முடியாது.

இதை வகுப்பில் கொடுத்தால் நம் பிள்ளைகளின் கை நேராக (அ)-வுக்குப் போகும். வீட்டில் இரண்டு மாதமும் அதுதானே பேச்சு. கியூட் வருவதும் பெரும்பாலும் மே மாதம், படகெல்லாம் கரையில் கிடக்கும் நேரம். ஆனால் நிவாரணம் என்ற சொல்லே பத்தியில் இல்லை. (ஆ) பத்தியை ஒட்டித்தான் போகிறது, ஆனால் எல்லை தாண்டிவிட்டது. 'அவசரப்பட்டு வெற்றி என்று சொல்லாதே' என்பதற்கும் 'பயனே இல்லை' என்பதற்கும் நடுவே ரொம்ப தூரம். (இ) வரிக்கு வரி உண்மை. இருந்தும் அது ஒரு தகவல்தான், ஆசிரியர் சொல்ல வந்தது அதுவல்ல. மிஞ்சுவது (ஈ).

தவறான விடைகளின் வகை கிட்டத்தட்ட எப்போதும் இந்த மூன்றுதான்: பத்தியில் இல்லாத உண்மை, மிகைப்படுத்திய விடை, கேள்விக்குப் பொருந்தாத சரியான வரி. பழைய வினாத்தாளை எடுத்து, சரியான விடையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், மற்ற மூன்றும் எந்த வகைத் தவறு என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பத்துத் தாளை ஓட்டமாக எழுதுவதைவிட இரண்டு தாளை இப்படிப் பிரித்துப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

மிகைப்படுத்திய விடையைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி: 'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி', 'ஆல்' மாதிரிச் சொல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 'மே', 'சம்', 'ஆஃப்டன்' இருந்தால் கொஞ்சம் நம்பலாம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். பத்தியே 'ஒன்லி' என்று அழுத்திச் சொன்னால் விடையிலும் 'ஒன்லி' வரத்தான் செய்யும்.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் படித்தாள். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ஒருநாள் பயிற்சிக்கு வந்த பத்தி கடல்பாசி பற்றியது. பாசித் தொழில் பெண்களுக்கு நிலையான வருமானம் தருகிறது என்று எழுதியிருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், இதை எழுதினவர் கடல் பக்கமே வந்திருக்க மாட்டார். காத்து மாறினா ஒரு வாரம் கடல்லயே இறங்க முடியாது. இதுல எங்க நிலையான வருமானம்?"

"நீ சொல்றதுதாம்மா சரி. ஆனா கேள்வி, பத்தியின்படி என்னன்னுதானே இருக்கு? அவர் சொன்னதுக்குத்தான் மார்க்."

"அப்ப நான் பொய்யை டிக் பண்ணணுமா?"

'ஆசிரியர் இப்படிச் சொல்கிறார்' என்று டிக் பண்ணு, அதில் பொய் இல்லை என்றேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த விடையை எடுத்தாலும் 'எந்த வரி?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். உங்களுக்கும் அதையே சொல்வேன். விடைக்குச் சான்றாக விரல் வைத்துக் காட்ட ஒரு வரி கிடைக்கவில்லையென்றால் அந்த விடையை விட்டுவிடுங்கள். யூகித்துச் சொல்லும் கேள்விக்கும் இது பொருந்தும். அங்கே ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பத்தியை முதலில் படிப்பதா, கேள்வியையா? பயிற்சி மையங்களில் கேள்வியை முதலில் படி என்பார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஆண்டு, பெயர், காரணம் கேட்கும் தகவல் பத்திக்கு அது சரிவரும். இலக்கியப் பத்திக்கு வராது. அங்கே ஆசிரியரின் மனநிலை என்ன, கிண்டலா, வருத்தமா, எச்சரிக்கையா என்று கேட்பார்கள். துண்டு துண்டாகத் தேடினால் அது பிடிபடாது. கேள்வியை முதலில் பார்த்தாலும் விடைகளைப் பார்க்காதீர்கள். நான்கில் மூன்று தப்பு. அந்த மூன்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு பத்தியைப் படிப்பானேன்?

இனி சொற்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தெரியாத சொல் கவிழ்ப்பதைவிடத் தெரிந்த சொல்தான் அதிகம் கவிழ்க்கிறது. 'ஹார்பர்' என்றால் நமக்கெல்லாம் துறைமுகம், விளக்கமே வேண்டாம். ஆனால் பத்தியில் ஒருவர் இன்னொருவர் மேல் 'க்ரட்ஜ்' ஹார்பர் செய்தார் என்று வந்தால், மனதுக்குள் வன்மத்தை வைத்திருந்தார் என்று பொருள். 'நெட்' வலைதான், 'நெட் இன்கம்' என்றால் செலவு போகக் கையில் நிற்கும் வருமானம். 'அட்ரஸ்' முகவரிதான், ஒரு பிரச்சினையை அட்ரஸ் செய்தார்கள் என்றால் அதைக் கையில் எடுத்தார்கள். இப்படிப் பத்தியில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்டால், நாலு விடையில் நமக்குப் பழகிய பொருள் ஒன்று கட்டாயம் உட்கார்ந்திருக்கும். அந்தச் சொல்லை மூடிவிட்டு, வாக்கியத்துக்கு அந்த இடத்தில் என்ன தேவை என்று தமிழிலேயே ஒரு சொல் போடுங்கள். அப்புறம் விடைகளைப் பாருங்கள்.

கோடிட்ட இடத்துக்கும் அதே வழிதான், கூடவே இணைப்புச் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஆல்தோ', 'டிஸ்பைட்', 'ஹவெவர்' வந்தால் வாக்கியம் திரும்புகிறது. 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' வந்தால் நேராகப் போகிறது. 'ஆல்தோ அவரிடம் நிறையப் பணம் இருந்தது, அவர் வாழ்க்கை மிகவும் ____' என்றால், சிக்கனம் என்று உங்களுக்கே தோன்றும். விடைகளில் 'லேவிஷ்' (ஆடம்பரமானது), 'ஃப்ரூகல்' (சிக்கனமானது) இரண்டும் இருக்கும். பணம் என்றதும் லேவிஷ் பக்கம் சாய்பவர்கள் ஆல்தோவைப் படிக்காதவர்கள்.

முழுக்கத் தெரியாத சொல்லானால், நல்ல பொருளா கெட்ட பொருளா என்று மட்டுமாவது பிடிக்கப் பாருங்கள். 'மால்நியூட்ரிஷன்' உயிரியலில் படித்ததுதானே? அதே 'மால்' தான் 'மாலிஷியஸ்' என்பதிலும், கெடுதல் பக்கம். 'பெனிஃபிட்' தெரிந்தால் 'பெனவலண்ட்' நல்ல பக்கம் என்று யூகிக்கலாம். இந்த வழி சில நேரம் காலை வாரும். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பிடிப்பது, தீப்பிடிக்காதது இல்லை. 'இன்வேல்யுபிள்' என்றால் விலைமதிப்பற்றது. இந்த மாதிரி முரண்டு பிடிக்கும் சொற்களைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு எழுதுபவர்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, தேர்வுத் தாள் எடுப்பவர்களுக்கு அவை ரொம்பப் பிடிக்கும்.

எதிர்ச்சொல் கேட்டால் ஒரே பொருள் தரும் சொல்லையும் விடைகளில் வைத்திருப்பார்கள். அவசரத்தில் அதுதான் கண்ணில் படும். கேட்டிருப்பது எதிர்ச்சொல்லா, ஒரே பொருள் சொல்லா என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிவிட்டு அப்புறம் விடைக்குப் போங்கள். வாக்கியம் அடுக்கும் கேள்வியில் 'ஹி', 'திஸ்', 'சச்' என்று தொடங்குவது பெரும்பாலும் முதல் வாக்கியமாக இராது. யாரை, எதை என்று சொல்லும் வாக்கியம் அதற்கு முன்னால் வர வேண்டும். ஒட்டிக்கொள்ளும் இரண்டைக் கண்டுபிடித்தாலே விடைகளில் பாதி கழன்றுவிடும்.

மைனஸ் மார்க்குக்குப் பயந்து கேள்வியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். கணக்கைப் பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போட்டால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 5 வந்து 3 போகிறது, 2 கையில். ஒவ்வொன்றிலும் இரண்டு விடையை நீக்கிவிட்டுப் போட்டால் இரண்டு சரி, இரண்டு தவறு: 10 வந்து 2 போகும், கையில் 8. கியூட்டில் வெறுமனே விடுவதற்குக் காரணமே இல்லை. சட்டப் படிப்புக்கான கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்கு கால் மதிப்பெண் என்பதால் கண்மூடிப் போடுவதில் லாபம் மிகச் சொற்பம். அங்கே ஒரு விடையையாவது நீக்கிவிட்டுப் போடுங்கள். வெளிநாட்டில் கல்லூரி சேர சாட் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, குறையும் மதிப்பெண் கிடையாது.

வீட்டுப் பயிற்சிக்கு நான் சொல்வது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். தேர்வறையில் தெரிந்த விஷயம் ஆபத்து என்றேன் அல்லவா, ஆங்கிலம் பழக அதுதான் நல்ல இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி, 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலம் என்று தேடினால் ஆங்கிலக் கட்டுரைகள் நிறையக் கிடைக்கும். விஷயம் தெரியும் என்பதால் தெரியாத சொல்லின் பொருள் தானாக விளங்கும். நாளுக்கு ஒரு கட்டுரை போதும். நோட்டில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். கொஞ்ச நாள் கழித்து, நமக்கு அறவே சம்பந்தமில்லாத விஷயத்துக்கு மாறுங்கள். பனிமலை, பங்குச்சந்தை, ஐரோப்பிய ஓவியம் எதுவானாலும் சரி.

படிப்பதைக் கொஞ்சம் திரையிலும் பழகுங்கள். தேர்வில் பத்தியின் கீழ் கோடு போட முடியாது, ரஃப் தாளில்தான் குறிக்க முடியும். ஜெராக்ஸ் தாளிலேயே பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் கண் ஓடாது. தேசியத் தேர்வு முகமை தளத்தில் மாதிரித் தேர்வு இலவசம். போன் போதாது, உச்சிப்புளியிலோ ராமநாதபுரத்திலோ ஏதாவது பிரவுசிங் சென்டரில் இரண்டு மூன்று முறை முழு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சொல் கேள்விகளை முதலில் முடித்துவிட்டுப் பத்திகளுக்கு வந்தால் நேரம் கையில் இருக்கும். ஒரு சொல்லோடு ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கியூட்டில் 13 மொழிகளில் தமிழும் உண்டு, மொழித்தாளாகத் தமிழையே எடுக்கலாம். ஆனால் நீங்கள் சேர நினைக்கும் படிப்பு எந்த மொழித்தாளைக் கேட்கிறது என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். சில படிப்புகள் ஆங்கிலத்தைக் கட்டாயமாகக் கேட்கும், சில எந்த மொழியானாலும் சரி என்னும். விண்ணப்பம் போடும் முன் திருவாரூர் பல்கலைக்கழகத்தின் தளத்தில் உங்கள் படிப்புக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாற்றிப் போட்டுவிட்டால், விண்ணப்பத் தேதி முடிந்ததும் திருத்துவதற்குச் சில நாள் மட்டும் தருவார்கள். அந்த நாட்களைத் தவற விடாதீர்கள்.