குளிர் மலையில் புதுப் புல்தரை: உரம் எப்போது, எவ்வளவு?

மலைமேல் வீடு கட்டியவர்கள் குளிர் மாதங்களில் அனுப்பும் கேள்விகளில் பாதி புல்தரையைப் பற்றியவை. இந்த முறை புதிதாக நட்ட புல்லுக்கு உரமிடுவது பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஏற்காட்டில் வீட்டு முன்புறம் நவம்பர் கடைசியில் கொரியன் புல் பத்தை பதித்தோம். ஐந்தே வாரத்தில் வெளிர் மஞ்சளாகிவிட்டது. யூரியா போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தோட்டக்காரர். போடலாமா?
— வாசகி, சேலம்

இப்போது வேண்டாம். முதலில் பத்தையின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கோரைப்பாய் மாதிரி அப்படியே எழுந்து வந்தால் வேர் இன்னும் உங்கள் மண்ணுக்குள் இறங்கவில்லை. அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். நர்சரி மண்ணோடு ஒட்டிய பழுப்பு வேர்களுக்கு நடுவே வெள்ளை நூல் போலப் புது வேர் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் கவலையில்லை, அது மெதுவாக வேலையைத் தொடங்கிவிட்டது.

கொரியன், மெக்சிகன், அருகு எல்லாமே வெயிலை விரும்பும் புல் வகைகள். டிசம்பர், ஜனவரியில் ஏற்காட்டு இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது அவை வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். இந்த மஞ்சளுக்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம். பசி என்று நினைத்து யூரியா போட்டால் பலன் கிடைக்காது. யூரியாவைப் புல்லுக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தரும் மண் நுண்ணுயிர்களும் குளிரில் சோம்பிக் கிடக்கும். கொஞ்சநஞ்சம் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) புது இலையைத் தள்ளும். இலை நீர் கேட்கும், இழுத்துக் கொடுக்க வேர் இருக்காது. பனியில் நனைந்த இளந்தழையில் பூஞ்சை எளிதில் ஏறும்.

ஏற்காட்டில் ஒரு விடுதிப் புல்தரையை என்னிடம் காட்டினார்கள். கை வீசி யூரியா தெளித்த இடமெல்லாம் விசிறி விசிறியாகக் கருகியிருந்தது. ஒவ்வொரு வீச்சும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எண்ணிச் சொல்லலாம். ஈரப் புல்லின்மேல் போட்டுவிட்டு நீர் விடாமல் போயிருக்கிறார்கள். அந்த இடங்களைப் பெயர்த்தெடுத்து மறுபடி பதிக்க வேண்டியதாயிற்று. ஆசையோடு வளர்த்த புல்லை இப்படி இழப்பதைப் பார்க்க எனக்கு மனது பொறுக்கவில்லை.

மார்ச்சில் வெயில் ஏறி, மூலையைத் தூக்கினால் எழாமல் பிடித்துக்கொள்ளும் நிலை வரட்டும். ஒரு முறை புல்லை வெட்டிவிட்டு, சென்டுக்கு 200 கிராம் யூரியாவும் 100 கிராம் பொட்டாஷும் போடுங்கள். வளர்ந்த புல்தரைக்குக் கொடுக்கும் யூரியாவில் இது ஏறக்குறைய பாதிதான். நான்கைந்து கிலோ உலர்ந்த மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காக நடந்தும் மீதியைத் தெற்கு வடக்காக நடந்தும் தூவுங்கள். புல் உலர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தூவி, உடனே தண்ணீர் விட்டு இலையைக் கழுவிவிடுங்கள். அதுவரை பாதங்கள் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வால்பாறையில் இடம் தயார் செய்துகொண்டிருக்கிறோம். மண் புளிப்பு என்பதால் சுண்ணாம்பும் டி.ஏ.பி.யும் சேர்த்துக் கொத்திவிடலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். சுண்ணாம்பு பட்டதும் டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்; மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும். சுண்ணாம்பு முதலில், குறைந்தது மூன்று வாரம் கழித்து உரம்.

பெருமழையில் கழுவப்பட்ட தேயிலை மண் உங்களுடையது. அந்தப் புளிப்பில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் இறங்குவதற்கு மணிச்சத்துதான் வேண்டும், அதுவோ மண்ணில் நகராது. புல் பதித்த பிறகு மேலே தூவினால் மேலேயே நிற்கும். ஆகவே நடுவதற்கு முன்பே, வேர் போகப்போகும் ஆழத்தில் அது இருக்க வேண்டும். புதுப் புல்தரைக்கு இதைவிட முக்கியமான உரம் கிடையாது. சென்டுக்கு ஒன்றேகால் கிலோ சூப்பர் பாஸ்பேட், அதோடு நன்றாக மக்கிய எரு 100 கிலோ, அரையடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். அங்கே தேயிலைக்கு விற்கும் ராக் பாஸ்பேட்டும் புளிப்பு மண்ணில் கரையும், ஆனால் மெதுவாகத்தான். இளம் வேருக்கு அந்தப் பொறுமை இல்லை.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து இடத்தில் அரையடி ஆழம் தோண்டி எடுத்த மண்ணைக் கலந்து, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். நடவைத் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மழையில் போட்ட உரம் ஓடைக்குத்தான் போகும்.

காங்கேயத்தில் எங்கள் பட்டியில் ஆட்டு எரு நிறைய இருக்கிறது. கொல்லிமலை வீட்டுப் புல்லுக்கு ஏற்றிச் செல்லலாமா? நாமக்கல்லில் கோழி எருவும் கிடைக்கிறது.
— வாசகர், காங்கேயம்

ஆட்டு எரு அருமையான எரு. ஆனால் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த ஆட்டின் புழுக்கையோடு கொழுக்கட்டைப்புல் விதையும் வரும். மேய்ச்சல் காட்டில் அது செல்வம், புல்தரையில் முளைத்தால் தலைவலி. குவித்து, நனைத்து, இரண்டு மூன்று முறை கிளறி, கைவைத்தால் சூடு தெரியாத நிலைக்கு மக்க வையுங்கள். புழுக்கை உருத்தெரியாமல் பொடிந்த பின் சலித்து எடுத்துச் செல்லுங்கள்.

பச்சைக் கோழி எருவை இளம்புல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வேரைச் சுட்டுவிடும். மாதக்கணக்கில் மக்கியது என்றால் நடுவதற்கு முன் மண்ணில் கொஞ்சம் கலக்கலாம்.

மகள் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறாள். செப்டம்பர் தொடக்கத்தில் புல் விதை தூவியிருக்கிறாள். பனிக்காலத்துக்கு முன் நிறைய உரம் கொடுக்கவேண்டுமா என்று கேட்கிறாள்.
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

அங்குள்ள புல் வேறு. புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகியவை குளிரை விரும்புபவை. நம் புல் உறங்கும் குளிர்ச்சியில் அவை செழிக்கும். மகள் தேர்ந்த காலம் மிகச் சரி. ரைகிராஸ் ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். புளூகிராஸுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முளைக்கவில்லை என்று கலங்கி மேலும் உரம் கொட்ட வேண்டாம்.

அந்த மாநிலத்தில் ஏரிகளைக் காப்பதற்காக, புல்தரைக்கு மணிச்சத்து போடுவதை 2005 முதல் மாநிலம் முழுவதும் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். புதுப் புல்லுக்கு முதல் பருவத்தில் விலக்கு உண்டு. ஆகவே பையில் உள்ள மூன்று எண்களில் மணிச்சத்தைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இல்லாத, புது நடவுக்கான உரத்தை வாங்கலாம். விதைக்கும்போது அதைப் போடாவிட்டால் இப்போது லேசாகத் தூவட்டும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில், புல் இன்னும் பச்சையாக வளர்ந்துகொண்டிருந்தால் தழைச்சத்து ஒரு சிறு தவணை. மண் உறைந்துவிட்டால் எதுவும் வேண்டாம், அடுத்தது மே மாதக் கடைசியில். நடைபாதையில் சிதறியதைப் பெருக்கிப் புல்லுக்கே தள்ளிவிடச் சொல்லுங்கள். களை முளைப்பதைத் தடுக்கும் மருந்து கலந்த உரப்பையை மட்டும் தொட வேண்டாம். அது புல் விதையையும் முளைக்கவிடாது.

தாளவாடியில் புல்லை முதல்முறை வெட்டப்போகிறோம். வெட்டிய தழையை வாரிவிட வேண்டுமா?
— வாசகி, சத்தியமங்கலம்

மெல்லிய துணுக்குகளாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் உரம்தான். கட்டி கட்டியாக விழுந்தால் மட்டும் வாரிவிடுங்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டும் முன் அந்த மூலையைத் தூக்கிப் பார்க்க மறக்காதீர்கள்.