விழும் பொருளுக்கு எத்தனை விநாடி?

கேள்வி: 20 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ எவ்வளவு நேரம் ஆகும்? 40 மீட்டர் என்றால் இரட்டிப்பா?

உயரத்தை இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் (பூமியின் ஈர்ப்பு ஒவ்வொரு விநாடியும் வேகத்தைக் கூட்டும் அளவு, விநாடிக்கு மீட்டரில்) வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 20 மீட்டருக்கு 2.02 விநாடி வரும். 40 மீட்டருக்கு 2.86 தான். கீழே வர வர வேகம் கூடுவதால் பின்பாதி தூரத்தைக் கல் 0.84 விநாடியில் கடந்துவிடுகிறது. நேரம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

கேள்வி: கிணற்றில் கல்லைப் போட்டேன். 3 விநாடியில் சத்தம் கேட்டது. ஆழம் 44 மீட்டர் என்று கணக்கு வருகிறது. சரியா?

கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த 3 விநாடிக்குள் கல் கீழே போக வேண்டும், அப்புறம் சத்தம் மேலே வர வேண்டும். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதையும் சேர்த்தால், கல் விழ எடுத்தது 2.88 விநாடி, சத்தம் ஏறி வர 0.12 விநாடி. ஆழம் ஏறத்தாழ 40.6 மீட்டர், மூன்று மீட்டருக்கும் மேல் குறைகிறது! இதைவிட நான் கவலைப்படுவது கடிகாரத்தை அழுத்தும் விரலைப் பற்றித்தான். 0.1 விநாடி பிசகினாலே இந்த ஆழத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் மாறிவிடும். பல முறை அளந்து சராசரி எடுங்கள். விடையைத் தசமப் புள்ளியோடு சொல்ல வேண்டாம். 'சுமார் 40 மீட்டர்' என்பதே நேர்மையான பதில்.

கேள்வி: சூத்திரத்தில் எடையே இல்லையே? இறகு மெதுவாகத்தானே விழுகிறது?

கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது; ஆனால் அதன் வேகத்தைக் கூட்ட அதே விகிதத்தில் அதிக விசை தேவை. இரண்டும் சரியாகிவிடுகின்றன. இறகைத் தாமதப்படுத்துவது காற்று. 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார்; இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அங்கே 9.8க்குப் பதில் 1.62 போட வேண்டும். 1.6 மீட்டர் விழ 1.4 விநாடி, பூமியில் 0.57.

கேள்வி: பந்தைக் கிடைமட்டமாக வேகமாக எறிந்தால் தாமதமாக விழுமா?

விழாது. தரை சமமாக இருந்து, காற்றின் தடையும் சிறிதாக இருந்தால் அதே நேரம்தான். கை லேசாக மேல்நோக்கிப் போனாலும் கணக்கு மாறும், அதனால் சோதிக்கும்போது மேசை விளிம்பிலிருந்து உருட்டிவிடுங்கள்.