மாதவிடாய் மாத்திரை மூக்கு ஆபரேஷனுக்கா?

கேள்வி: என் கணவருக்கு சைனஸில் பாலிப் (சதை வளர்ச்சி). எண்டோஸ்கோப்பி ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். ரத்தம் அதிகம் கசியாமல் இருக்க டிரனெக்ஸாமிக் ஆசிட் ஊசி போடுவார்களாம். எனக்கு மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்குக் கொடுத்த மாத்திரையாச்சே அது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அதேதான்! ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி 1962-ல் வெளியிட்ட மருந்து. உறைந்த ரத்தத்தை உடல் சீக்கிரமே கரைத்துவிடாமல் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

சைனஸில் கசியும் ரத்தம் பொதுவாக அளவில் பெரிதல்ல. ஆனால் மூக்குக்குள் விடும் 4 மில்லிமீட்டர் எண்டோஸ்கோப் லென்ஸ் மேல் ஒரு சொட்டு பட்டாலே, ஆபரேஷன் செய்யும் எனக்குத் திரை முழுக்கச் சிவப்பு. பக்கத்தில் கண், மேலே மூளை; நடுவில் காகிதம் போல மெல்லிய எலும்பு. அதனால்தான் இத்தனை பாடு. ஊசி மட்டும் போதாது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தில் நனைத்த பஞ்சு வைப்போம், மேசையின் தலைப் பக்கத்தைச் சற்று உயர்த்துவோம். பாலிப் என்றால் முன்கூட்டியே சில நாள் ஸ்டீராய்டும் கொடுப்பதுண்டு. மயக்க மருத்துவர் நாடித்துடிப்பை நிதானமாக வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. (அவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை!)

சரி, உங்கள் கணவருக்கு எப்போதாவது கால் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்ததா? இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.