பாதி கோரை, பாதி சுருட்டை: 14 மாதக் கூந்தலை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 32. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிறவியிலேயே சுருட்டை முடி. கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு முதன்முறையாக, மருந்து பூசி முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்துகொண்டேன். அதன்பின் புதிதாக வளர்ந்த முடிக்கு ஆண்டுக்கு ஒருமுறை டச்-அப் என்று ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. உச்சியில் முடி மெலிவதைப் பார்த்துப் பயந்து, 14 மாதங்களாக எதுவும் செய்யாமல் விட்டிருக்கிறேன். இப்போது மேலே சுருட்டையும் கீழே இடுப்பு வரை கோரையுமாகத் தொங்குகிறது. சீவினால் இரண்டும் சேரும் இடத்தில் அறுந்து வருகிறது. புகுந்த வீடு ஏற்காட்டில். அங்கே போனாலே மேல்பாதி உப்பிக்கொள்ளும். வருகிற தை மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். “மூத்த மருமகள் இப்படியா நிற்பது? இந்த ஒருமுறை மட்டும் நேராக்கிக்கொள்” என்கிறார் அத்தை. வெளிநாட்டுப் பெண்களின் காணொளிகளைப் பார்த்தால் ஒரே நாளில் முழுவதையும் வெட்டச் சொல்கிறார்கள். அதற்கும் மனம் வரவில்லை. நேராக்காமல் சுருட்டையை வளர்ப்பதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: சகோதரி, ஐந்து ரோடு பக்கம் இருபது ஆண்டுகள் பியூட்டி பார்லர் நடத்தியவள் நான். எத்தனையோ பெண்களின் சுருட்டையை என் கையாலேயே நேராக்கி அனுப்பியிருக்கிறேன். ஆகவே அந்த மருந்தைப் பூசியவள் சொல்வதாகவே இதைப் படியுங்கள். சுருட்டையை வளர்ப்பதைத் தொடருங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் இடுப்பு வரை தொங்கும் அந்தக் கோரையைக் கடைசி அங்குலம் வரை காப்பாற்றிக்கொண்டே தொடர நினைத்தால், இந்த வேதனை இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நீளும்.

முதலில் அறுந்து வருவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிடித்து நிறுத்துபவை கந்தகப் பிணைப்புகள். சுருளின் வடிவத்தைக் காப்பவற்றில் இவையே வலுவானவை. ரீபாண்டிங்கில் முதலில் பூசும் க்ரீமில் உள்ள தயோகிளைகோலேட் அவற்றை உடைக்கிறது. பிறகு அலசி, உலர்த்தி, சூடான அயர்னால் இழுத்துத் தட்டையாக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது க்ரீமைப் பூசி, அந்த நேரான நிலையிலேயே பிணைப்புகளை மீண்டும் பூட்டிவிடுகிறோம். உடைந்தவை எல்லாம் மறுபடி பூட்டிக்கொள்வதில்லை. அதனால் நேரான முடி பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் பலம் குறைந்தே இருக்கும். வேர்ப்பையை இந்த மருந்து மாற்றுவதில்லை என்பதால், அங்கிருந்து புதிதாக வருவது உங்கள் பழைய சுருட்டையேதான். பலமுள்ள முடியும் பலமிழந்த முடியும் ஒட்டி நிற்கும் அந்த ஓரிடத்தில் சீப்பின் இழுப்பு முழுவதும் போய்ச் சேர்கிறது, அறுந்துவிடுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். குளித்த பிறகு சீப்பில் வந்த நீளமான முடி ஒன்றை எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, இரண்டு கை விரல்களாலும் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்பகுதி சற்றே நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கும். கீழ்ப்பகுதி பழைய ரப்பர் பேண்ட் போல நீண்டுகொண்டே போய், திரும்பாமல் அறுந்தால், அந்த நீளத்துக்கு இனி எந்த ஸ்பாவும் எந்த மூலிகை எண்ணெயும் உயிர் கொடுக்காது.

நீங்கள் பார்க்கும் காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பேசுபவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். அவர்கள் ‘ரிலாக்ஸர்’ என்று சொல்வது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு கலந்த, காரத்தன்மை மிகுந்த க்ரீம். நம் ஊர் ரீபாண்டிங் மருந்து வேறு வகை. ஒன்றைப் பூசிய முடிமேல் மற்றொன்றைப் பூசினால் முடி கையோடு வந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பூசிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது, வளர்ந்து வெட்டித்தான் போக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. ஒரே வெட்டில் முடிப்பது அவர்களிடையே துணிச்சலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கூந்தலைக் காரணமாக வைத்து வேலையிடத்திலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று 2019இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றும் அளவுக்கு அது அங்கே பெரிய விஷயம். அவர்கள் நியாயம் அவர்களுக்கு. தாலி கட்டிய பெண் தலைமுடியை வெட்டினால் தெருவே கேள்வி கேட்கும் ஊரில் வாழும் நீங்கள் அதே வழியில் போக வேண்டிய கட்டாயமில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது சுலபம். முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். 14 மாதத்தில் உங்களிடம் 7 அங்குலம் சொந்த முடி இருக்கிறது. சுருண்டிருப்பதால் கண்ணுக்கு நான்கு அங்குலம் போலத் தெரியும். நனைத்து இழுத்துப் பாருங்கள், உண்மையான நீளம் தெரியும். கல்யாணம் முடியும்வரை எதையும் வெட்ட வேண்டாம். அது முடிந்த வாரத்தில் கோரையில் 9 அங்குலத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள்; தோளுக்குக் கீழே நிற்கும், பின்னலும் போடலாம். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2 அங்குலம் ட்ரிம் செய்யுங்கள். அந்த இரண்டு மாதத்தில் மேலே ஓர் அங்குலம் வளர்ந்திருக்கும் என்பதால் நீளம் குறைவது பிறர் கண்ணில் அவ்வளவாக உறுத்தாது. ஏறக்குறைய ஒன்பது மாதத்தில் கோரை முழுவதும் போய், 12 அங்குலத்துக்கும் மேலாக உங்கள் முடி மட்டும் நிற்கும்.

கல்யாணத்துக்கு வருகிறேன். தையில் ஒருமுறை நேராக்கினால் இந்த 14 மாதங்களும் அன்றோடு போயின. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, புதுமுடிக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து பழைய கோரையிலும் வழிவதுதான். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. முகூர்த்த நாள் நெரிசலில், வரிசையில் ஆறு பேர் காத்திருக்க, அவசரமாகப் பூசி, என் கையால் ஒரு பெண்ணுக்குக் காதோரம் இரண்டு விரல் அகலத்துக்கு முடி முறிந்து போனது. அவள் திட்டவில்லை, அழுதாள். டச்-அப் வேலையை நான் குறைத்துக்கொண்டது அதன் பிறகுதான்.

உங்களுக்கு இருக்கும் வசதியை நீங்கள் கவனிக்கவில்லை: நம் கல்யாணத்தில் மருமகள் தலைவிரி கோலமாக நிற்பதில்லை. பின்னல் என்பதே இரண்டு விதமான முடியை ஒன்றாகக் காட்டும் வித்தை. முன்முடியை நனைத்து, ஆளிவிதை ஜெல் தடவி, நடுவகிடு எடுத்துப் படிய வாரி, பிடரியிலிருந்து சவுரி சேர்த்துப் பின்னி, மேலே பூச்சரமோ ஆயத்தப் பூ ஜடையோ வைத்துவிட்டால், அத்தை மட்டுமல்ல, முடியைத் தொட்டுப் பார்த்தாலொழிய நானே கண்டுபிடிக்க மாட்டேன். பின்னலை மட்டும் இறுக்கிப் போட விடாதீர்கள். உச்சி மெலிந்திருக்கும்போது இழுப்பு ஆகாது. அத்தையிடம் “நேராக்க மாட்டேன்” என்று தொடங்குவதைவிட, “கல்யாணத்துக்கு நீளமாகப் பின்னிப் பூ வைக்கப் போகிறேன் அத்தை, நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள்” என்று தொடங்கினால் பேச்சு வேறு பக்கம் போகும்.

ஏற்காட்டில் உப்பிக்கொள்வது உங்கள் முடியின் குற்றமில்லை. காற்றிலுள்ள ஈரம் முடிக்குள் புகுந்து, வடிவத்தைத் தற்காலிகமாகப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை இடம் மாற்றுவதால், இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!) சுருட்டை தன் சுபாவத்துக்குத் திரும்புகிறது. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலை, ஆற்றுநீர் வடிந்தபின் படிந்து கிடக்கும் கருமணலின் நெளிவுக்கு, அறலுக்கு, ஒப்பிட்டார்கள். அயர்ன் பெட்டியை யாரும் உவமை சொன்னதாகத் தெரியவில்லை. மலைக்குப் புறப்படும் முன்பே ஈரமுடியில் ஜெல் தடவி, அது காயும்வரை கை வைக்காமல் விடுங்கள்.

சேலத்தில் தொல்லை வேறு. போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். மெக்னீசியத் தாதுவான மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் குன்றுகளைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊரில் இது வியப்பில்லை. அந்த உப்பு முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். சுருட்டைக்கு அது இன்னும் மோசம். தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்கி வையுங்கள். குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அரப்பும் சீயக்காயும் போடலாம், ஆனால் பொடி முடிக்குள் சிக்கினால் உரசும். துணியில் வடிகட்டிய சாறாக மட்டும் பயன்படுத்துங்கள். சிக்கெடுப்பது கண்டிஷனர் வழுக்கும்போதே, விரலாலும் அகலப் பல் சீப்பாலும், நுனியிலிருந்து மேல்நோக்கி. குளித்தபின் துண்டை முறுக்கித் தலையைப் படபடவென்று தட்டுகிறோமே, அந்த வழக்கத்தை இன்றோடு விடுங்கள். பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுத்தால் போதும்.

உச்சி மெலிவதற்கு மருந்துதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். அறுந்து விழும் முடியில் வேர்முனை இருக்காது; வேரோடு வந்தால் முனையில் சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அப்படி நிறைய வந்தால் தோல் மருத்துவரைப் பார்த்து, ஹீமோகுளோபினும் தைராய்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நேர்முடிதான் எனக்கு நிம்மதி என்று தோன்றினால் அது உங்கள் தலை, உங்கள் முடிவு. யாரும் குறை சொல்ல உரிமையில்லை. ஆனால் தெரிந்து செய்யுங்கள். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தது. முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதத்தினருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு அது 4.05 சதவீதம் என்றும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நீங்களோ ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்தீர்கள். அதனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ரீபாண்டிங் வேண்டாம், கெராட்டின் ட்ரீட்மென்ட் போட்டால் பாதிப்பில்லாமல் சுருட்டை அடங்கும், ஃபார்மால்டிஹைடும் கிடையாது என்று பார்லரில் சொல்கிறார்கள். நம்பலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: பெயரில்தான் கெராட்டின் இருக்கிறது. இத்தகைய க்ரீம்கள் பலவற்றில் வேலை செய்வது, சூடேற்றும்போது ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. அது இல்லை என்று சொல்லி விற்பவற்றில் பல கிளையாக்சிலிக் அமிலம் கலந்தவை. அது கலந்த க்ரீமால் முடியை நேராக்கிய மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றி 2024இல் பிரான்சு மருத்துவர்கள் எழுதினார்கள். டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் உட்காராதீர்கள். காட்ட மறுக்கும் பார்லரில் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆளிவிதை ஜெல் எப்படிச் செய்வது? சேலத்தில்தான் ஜவ்வரிசி மலிவாயிற்றே, அதன் கஞ்சியைத் தடவினால் என்ன?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கஞ்சி புடவைக்கு. தலையில் காய்ந்தால் விறைத்து, உதிர்ந்து, தோளெல்லாம் பொடுகு போல விழும். இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதையை இரண்டு குவளைத் தண்ணீரில் கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக்கரு போலக் கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள், ஆறவிட்டால் வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.