வீடு மாறினால் முகவரி மாற்றம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆதாரில் புது முகவரியை மாற்றிவிட்டேன். வங்கி, கேஸ், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் அது தானாக மாறிவிடும் அல்லவா? (தாம்பரம்)

மாறாது. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனிப் பதிவேடு. ஒவ்வொன்றிலும் நீங்களேதான் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.

கேள்வி: பக்கத்துத் தொகுதிக்கே குடிபோயிருக்கிறேன். படிவம் 6 கொடுத்தால் போதுமா? (சேலம்)

படிவம் 6 புது வாக்காளருக்கு. குடிபெயர்ந்தவருக்கு, தொகுதி மாறினாலும் மாறாவிட்டாலும், 2022 முதல் படிவம் 8 மட்டுமே. ஏற்கெனவே பெயர் இருப்பதை மறைத்து 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பெயர் ஏறிவிடும். அது சட்டப்படி கூடாது.

கேள்வி: திருமணமாகிக் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பெயரில் இங்கே எந்த ஆவணமும் இல்லை. ஆதாரில் எப்படி மாற்றுவது? (ஈரோடு)

குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் முறை 2023 முதல் இருக்கிறது. திருமணச் சான்றிதழை இணைத்து இணையத்தில் விண்ணப்பியுங்கள். உங்கள் கணவர் தம் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருவர் ஆதாரிலும் இப்போது புழங்கும் கைபேசி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வீடு மாறி இரண்டு வருடமாகிறது, புது விலாசத்தை யாருக்கும் தெரிவிக்கவில்லை. நான் கொடுத்த காசோலை திரும்பியதாகப் பழைய விலாசத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. என் கைக்கே வராத நோட்டீஸ் எப்படிச் செல்லுபடியாகும்? (திருச்சி)

இரண்டு வருடமாக வங்கிக்கோ காசோலை வாங்கியவருக்கோ புது விலாசத்தைத் தெரிவிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது போன்ற கடிதங்கள் மாதம் தவறாமல் வருகின்றன, படிக்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. தபால்காரர் பழைய வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்து, கவரின் மேல் 'லெஃப்ட்' (வீட்டை விட்டுப் போய்விட்டார்) என்று எழுதித் திருப்பிவிடுகிறார்; அனுப்பியவர் அந்தக் கவரைப் பிரிக்காமலே நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறார். சரியான விலாசமிட்டுப் பதிவு அஞ்சலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் சொல்கிறது. வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் உங்களுடையது. காசோலை வழக்குகளில், நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பவர் நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் தொகையைச் செலுத்திவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் வழி காட்டியிருக்கிறது. எனவே சம்மனும் பழைய விலாசத்துக்குப் போவதற்கு முன், இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். சாமான் ஏற்றும் வாரத்திலேயே, பழைய வீட்டுக்குப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில், இரண்டு விலாசங்களையும் பின்கோடுடன் குறித்து, கடிதம் வரக்கூடிய எல்லோர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, தபாலைப் புது வீட்டுக்கு அனுப்பக் கோரி மனுக் கொடுங்கள். தபால்தலை விற்கும் எல்லா அஞ்சலகத்திலும் பட்டுவாடா கிடையாது. எது உங்களுடையது என்று தபால்காரரிடமே கேளுங்கள். இந்த ஏற்பாடு நிரந்தரம் அன்று, ஆகவே அது நடப்பில் இருக்கும்போதே வங்கி, காப்பீடு, வருமான வரி மூன்றிலும் மாற்றிவிடுங்கள். வங்கிக்கு 30 நாளுக்குள் தெரிவிப்பது உங்கள் கடமை. ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறோம். சிலிண்டரைக் கையோடு எடுத்துப் போகலாமா? (வேளச்சேரி)

கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, முன்பணத்தையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிச் செல்லுங்கள். ஊருக்குள்ளேயே ஏஜென்சி மாறுபவர்கள் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

கேள்வி: வண்டியின் ஆர்.சி.யில் எப்போது மாற்றலாம்? (கோவை)

30 நாளுக்குள்.

கேள்வி: டிஜிபின் வந்துவிட்டதே, இனிப் பின்கோடு எதற்கு? (வேலூர்)

2025இல் வந்த டிஜிபின், ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்தைச் சுட்டும் பத்து எழுத்துக் குறியீடு. இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். கடிதங்களை இடவாரியாகப் பிரிக்க உதவுவது 1972 முதல் வழங்கும் ஆறு இலக்கப் பின்கோடுதான். அதன் கடைசி மூன்று இலக்கம் உங்கள் பட்டுவாடா அஞ்சலகத்தைக் குறிப்பது, அதனால் தெரு தாண்டிக் குடிபோனாலும் அது மாறியிருக்கலாம். உங்கள் கடிதத்திலும் பழைய வீட்டுப் பின்கோடைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.