18 முடிந்தால் கையெழுத்து யாருடையது?

கேள்வி: மகளுக்கு அறிவுசார் குறைபாடு. போன மாதம் 18 முடிந்தது. அவள் கணக்கில் இனி நான் பணம் எடுக்க முடியாது என்கிறது வங்கி. பெற்ற தாய்க்கு எதற்குத் தனிச் சான்று?
வாசகி, மதுரை

பதில்: வங்கி சொல்வது சரிதான். பெற்றோர் இயற்கைப் பாதுகாவலராக இருப்பது 18 வயது வரைதான். அதன்பின் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே இதைத் தரும். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பம் படிவம் 'ஏ'. தாய், தந்தை இருவரும் சேர்ந்தே போடலாம்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சிறு வயதில் வாங்கிய ஊனச் சான்றிதழில் புதுப்பிக்க வேண்டிய தேதி கடந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

சான்று கைக்கு வந்ததும் பலர் பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். மகளின் சொத்து, கடன் பட்டியலை 6 மாதத்துக்குள் குழுவிடம் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், வரவு செலவுக் கணக்கையும் தர வேண்டும். அவளுக்கு வரும் உதவித்தொகைக்குத் தனி நோட்டு ஒன்று போட்டுவிட்டால் ஜூனில் தவிக்க வேண்டாம். இந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிளையில் கோர்ட் ஆர்டர் கேட்டால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: உங்களுக்குப் பின் இந்தப் பொறுப்பு அவளுடைய அண்ணனுக்கோ அக்காவுக்கோ தானாகப் போகாது. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: மகனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், கை நடுங்கும். பி.காம். படிக்கிறான். நாங்களும் பாதுகாவலர் சான்று வாங்கிவிடுவது நல்லதுதானே?
வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கணக்குப் பதிவியல் படிக்கிறவருக்குத் தன் கணக்கைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியத்துக்கு என்பதைக் குழுவே முதலில் பார்க்கும். கையெழுத்து ஒவ்வொரு முறையும் மாறுவதுதான் சிக்கலென்றால் கைரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூடச் செல்லும். சாட்சி இருவர் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. குழறிப் பேசுபவரைப் புரியாதவர் என்று நினைப்பது ஊர் வழக்கம். வீட்டுக்குள்ளும் அது வேண்டாமே.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள மகன் தொழிற்பயிற்சி மையத்துக்குத் தனியே பஸ்ஸில் போக ஆசைப்படுகிறான். எப்படிப் பழக்குவது?
வாசகி, சென்னை

பதில்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலில் நிறுத்தத்தில் இறங்கி மையத்துக்கு நடப்பதை மட்டும் அவர் செய்யட்டும், மற்றதெல்லாம் நீங்கள். அது படிந்ததும் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது, பிறகு கண்டக்டரிடம் பேசுவது, கடைசியாகச் சரியான பஸ்ஸில் ஏறுவது. இப்படிப் பழக்கினால் ஒவ்வொரு நாளும் காரியத்தை முடித்தவர் அவராகவே இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்த நீங்கள் இரண்டு சீட் தள்ளி உட்காருங்கள், பிறகு டூவீலரில் பஸ்ஸின் பின்னால் போங்கள்.

சறுக்குவது பெரும்பாலும் எண் பலகையில். 29 என்பதைக் கண்டதும் ஏறிவிடுவார். பின்னால் இருக்கும் எழுத்து மாறினால் போகும் இடமே மாறும். எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே அட்டையில் பெரிதாக எழுதி, பலகையோடு ஒத்துப் பார்க்கப் பழக்குங்கள். சாலையைத் தோண்டினால் பஸ் நிறுத்தம் தாண்டித்தான் நிற்கும். அதனால் நீங்கள் உடன் இருக்கும்போதே ஒருநாள் வேண்டுமென்று அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, திரும்பி நடந்து வரவும், போன் செய்து சொல்லவும் செய்து பாருங்கள். போனில் உங்கள் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும்படி வைத்துவிடுங்கள்.