பத்திரத்தை அடகு வைத்துச் சட்டம் படிக்க வேண்டாம்

ஐயா, உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றிச் சில வரிகள்தான். மைத்துனர் சொன்னதே இரண்டு பக்கம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வராததால் வீடே துவண்டு கிடப்பது புரிகிறது. ஆனால், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் கார்ப்பரேட் சட்டம் படிக்க வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யாதீர்கள். ஐந்தாண்டுக் கட்டணத்துக்கு மைத்துனர் பொறுப்பேற்கப் போவதில்லை.

படம் ஓடும்போது தணிக்கைச் சான்றிதழை நிறுத்திவைத்துப் படிக்கிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். திரைத்துறை வழக்கறிஞருக்கு வேண்டிய கண் அதுதான். தணிக்கை வாரியம் காட்சியை வெட்டச் சொன்னால் தயாரிப்பாளர் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். அதற்கும் மேலே இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால் அடுத்த படி உயர் நீதிமன்றமே. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது தணிக்கைக்கான 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவரைத்தான் தேடுவார்கள். சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்னும் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்த 2023 திருத்தமும் அவருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பை அவள் முழுதாகப் படிக்கட்டும்.

பதிப்புரிமை இன்னொரு பெரிய வயல். ஆவணப்படத்தில் பழைய படக் காட்சி ஒன்றைச் சேர்க்கலாமா? '30 வினாடிக்குள் என்றால் தப்பில்லை' என்று எடிட்டிங் அறையில் அடித்துச் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விமர்சனம், ஆய்வு, நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. எது நியாயம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் வாதாடித்தான் நிறுவ வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் கையில் இருப்பதாலேயே பதிப்புரிமைச் சிக்கல் தீர்ந்துவிடாது. இதைப் படம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டு தலையில் கைவைப்பவர்கள் உண்டு.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு கிளாட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். கட்டணத்துக்குக் கடனும் வேண்டியிருக்காது. படித்து முடித்து வழக்கறிஞராவதற்கான பார் கவுன்சில் பதிவுக்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம்தான். மிச்சமாகும் கட்டணப் பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள்.

இந்த வாரம் 52ஆவது பிரிவை மட்டும் அவளிடம் கொடுத்துப் பாருங்கள். சலித்துப் போய் மூடிவைத்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். வேறு வழி பார்க்கலாம்.